வயசு நோய்

போலீஸ் ஸ்டேஷன் கவுண்டரில் பேனாவைச் சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். கயிறு கட்டை. கையெழுத்துப் போடுகிறவர் இடது பக்கம் கொஞ்சம் குனிந்தால்தான் பேனா தாளுக்கு எட்டும். கார்த்திகேசுவுக்கு அது பழகிப்போன விஷயம். பதினொரு மாதத்தில் நாலு தடவை அந்தக் கவுண்டரில் குனிந்திருக்கிறார். நாலு தடவையும் சாவுக்கு.

இன்றைக்கு ஐந்தாவது. செத்தது அவருடைய கூடப்பிறந்த அக்காள்.

மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பவுனம்மாளின் அடையாள அட்டை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். வெள்ளிக்கிழமை வேறு. பன்னிரண்டேகால் ஆனால் தொழுகைக்கு ஆள் கிளம்பிவிடும், அப்புறம் மூன்று மணிக்குத்தான் கவுண்டர் பழையபடி நடக்கும். மின்சுடலையில் எடுத்திருந்த நேரமும் அதே மூன்று மணிதான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முகுந்தன் மறுபடியும் உள்ளே வந்தான். பவுனம்மாளின் ஒரே மகன், துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். காலையில் வேலைக்குப் போட்ட பூட்ஸைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"மாமா, இன்னும் கூப்பிடலியா?"

"முன்னால ஒரு மோட்டார் திருட்டு கேஸ் இருக்கு. முடியட்டும்."

"அமரர் வண்டிக்காரன் ஒரு மணிக்கு வீட்டுல நிக்கிறேன்னு சொல்லிட்டான். பெர்மிட் இல்லாம அவன் தொடமாட்டான்லா. நீங்க போய்ச் சொன்னா அஞ்சு நிமிஷம். எப்பவும் சொல்றதுதானே."

எப்பவும் சொல்றதுதானே. கார்த்திகேசு தலையைக் குனிந்துகொண்டார். அவன் அறியாமல் கேட்ட கேள்வி, நேராக நெஞ்சுக்குள் போய் இறங்கியது.

பதினோராங்கட்டைத் தோட்டம் என்று பேர்தான் தோட்டம். ரப்பரும் போய், செம்பனையும் போய், மிச்சம் இருப்பது ஒரு லயம், பன்னிரண்டு வீடு, ஒரு மாரியம்மன் கோயில். பெரிய கால்வாய்க்கு அந்தப் பக்கம் ரெண்டு வருஷமாய் ஒரு பிளாஸ்டிக் ஆலை. கப்பலில் வருகிற அழுக்குப் பிளாஸ்டிக்கை உருக்குவார்கள். உருக்கத் தோதுப்படாததை விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குக் கொளுத்துவார்கள். லயத்துப் பெண்கள் கம்பியைத் துடைக்காமல் துணி காயப்போடுவதில்லை. துடைத்த துணி கரிச்சட்டி துடைத்த மாதிரி இருக்கும்.

லயத்தில் ஒரு வழக்கம். பிணம் கிடக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ரொட்டியும் மைலோவும்தான். அதனால் சாவு என்றால் எல்லாருக்கும் அவசரம். வீட்டில் செத்தால் போலீசில் சொல்லிப் பெர்மிட் வாங்க வேண்டும். சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். சின்ன வயதில் மானேஜருக்கு ஜீப் ஓட்டியதால் கார்த்திகேசுவுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. இப்போது தொழிற்சாலைப் பெண்களுக்கு பஸ் ஓட்டுகிறார். "தம்பி, நீ போயிட்டு வாப்பா" என்பார்கள். போவார். எப்படிச் செத்தார் என்று கேட்பார்கள். "சாக்கிட் துவா, துவான்" என்பார். அதாவது, ஐயா, வயசு நோய். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி கிடையாது. முத்திரை விழும். வேறு எதையாவது சொன்னால் பிணம் ஆஸ்பத்திரிக்குப் போகும், கத்தி படும்.

கத்திக்கு லயமே பயந்தது. அதற்குக் காரணமும் பவுனம்மாள்தான். பதினைந்து வருஷத்துக்கு முன் அவள் புருஷன் கால்வாயோரம் விழுந்து கிடந்து செத்தபோது, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து அறுத்துத் தந்தார்கள். குளிப்பாட்டத் துணியை விலக்கியவள், கழுத்திலிருந்து தொப்புள்வரை போட்டிருந்த தையலைப் பார்த்துவிட்டாள். சாக்கு தைத்த மாதிரி இருந்தது என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். போன மாதம்கூட, இருமி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கார்த்தி, நான் போனா என்னைய கூறு போட விட்டுராதடா. முழுசா எரிச்சிரு. சத்தியம் பண்ணு."

பண்ணினார். அது ஒரு சத்தியம்.

இன்னொன்று மூன்று வாரத்துக்கு முன் பண்ணியது. லயத்துப் பெண் உஷாராணி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அலைந்து திரிந்து சுற்றுச்சூழல் இலாகாவில் ஆலைமேல் மனு கொடுத்தாள். கையெழுத்து, படம், கறுத்த துணி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனாள். அதிகாரி நாலு இறப்புச் சான்றிதழையும் வரிசையாக மேசைமேல் பரப்பி, நாலிலும் வயசு நோய் என்றுதானே இருக்கிறது, இதில் ஆலைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம். அவள் லயத்துக்கு வந்து கார்த்திகேசுவின் வாசலில் நின்றாள்.

"அங்கிள், நாலுலயும் பெங்காடுன்னு உங்க கையெழுத்துதான் இருக்கு. சாவைச் சொன்ன ஆள் நீங்கதான்."

"நல்லதுன்னு நெனச்சுப் பண்ணேம்மா. பிணத்த வச்சிக்கிட்டு..."

"தெரியும் அங்கிள். உங்கள யாரு குத்தம் சொன்னா?" அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்தது யாருன்னு தெரியாது. யாரா இருந்தாலும் உண்மைய மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு ஆளுக்கு டாக்டர் பாத்து எழுதினாப் போதும், கேஸ் நிக்கும். இல்லாட்டி அடுத்த மாசம் ரெண்டாவது சூளைக்கு பெர்மிட் குடுத்துருவாங்க."

சரி என்று சொன்னார். அடுத்தது தன் வீட்டுக் கதவைத்தான் தட்டும் என்று யார் கண்டது!

"கார்த்திகேசு!"

மேசைக்குப் பின்னாலிருந்த சார்ஜனுக்கு அவரைத் தெரியும். மீசையும் தலையும் நல்ல கறுப்பு. மேசைக்கு அடியில் பேட்மிண்டன் பை. உட்காரச் சொல்லிவிட்டு, மலாயில் கேட்டார்.

"மறுபடியும் உங்கள் தோட்டமா? இந்தத் தடவை யார்?"

"என் அக்கா, துவான்."

சார்ஜன் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயோ. வருத்தமாக இருக்கிறது. நிஜமாகவே." மறுபடி பேனாவை எடுத்தார். "தொழுகைக்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் ஆட்கள் காத்திருப்பார்கள். சாக்கிட் துவாதானே?"

பேனா முனை கட்டத்துக்குள் நின்றது. முதல் எழுத்து விழுந்தேவிட்டது.

கண்ணாடிக்கு வெளியே முகுந்தன் கையைப் பிசைந்துகொண்டு நடந்தான். விடியற்காலை ஐந்தரைக்கு அவன் போன் பண்ணியபோது கார்த்திகேசு பஸ்ஸில் இருந்தார், பின்னால் முப்பது பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டு வந்து சேருவதற்குள் ஏழாகிவிட்டது. அக்காள் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போயிருந்தாள். ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத் துணி சொருகியிருந்தது, புகை வராமலிருக்க. மடியில் கிடந்த கைத்துண்டில் அவள் துப்பியது கறுப்பாய் இருந்தது. செந்தூலிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேரும் முன்பே ஆலையிலிருந்து ஐம்பது வெள்ளை நாற்காலியும் ரெண்டு பெட்டித் தண்ணீர் பாட்டிலும் வந்து இறங்கின. முந்தைய நாலு சாவுக்கும் அப்படித்தான் வந்தன. ஒரு தடவைகூடத் தாமதமில்லை.

"இல்ல துவான்," என்றார் கார்த்திகேசு.

"என்ன இல்லை?"

"வயசு நோய் இல்ல. புகை. அந்த ஆலைப் புகை. ஆறு மாசமா மூச்சு விட முடியல. கிளினிக்ல ரெண்டு தடவை மூச்சுக்குக் காஸ் வச்சாங்க."

சார்ஜன் அவரையே பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"யோசித்துப் பேசுங்கள். நீங்கள் இப்படிச் சொன்னால் நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும். பரிசோதனை டாக்டர் சனி ஞாயிறு இல்லை. திங்கட்கிழமைதான். உடம்பை அறுப்பார்கள். உங்கள் ஆட்களுக்கு அது பிடிக்காது என்று போன தடவை நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"சொன்னேன்."

"அப்புறம்? ஒரு வயதான அம்மா, நோயில் இறந்துவிட்டார். அவ்வளவுதானே?" முகுந்தன் வாட்சப்பில் அனுப்பிய படம் மேசைமேல் கிடந்த கார்த்திகேசுவின் போனில் திறந்திருந்தது. நெற்றியில் காசு வைத்த முகம். கன்னம் ஒட்டி, தலை முழுக்க நரைத்து, எழுபது என்றால் நம்பலாம். "பாருங்கள், நல்ல வயசு."

கார்த்திகேசு உறையிலிருந்து அட்டையை எடுத்தார். மேசைமேல் வைத்து, எண்ணின் முதல் ரெண்டு இலக்கத்தில், பிறந்த வருஷத்தில், விரலை ஊன்றினார்.

"பாருங்க துவான். அறுபத்தெட்டு."

சார்ஜன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பார்த்தார்.

"நானும் அதே வருஷம்தான்," என்றார்.

சார்ஜன் தாளில் விழுந்த அந்த முதல் எழுத்தை மெதுவாக ஒரு கோடு போட்டு அடித்தார். தாளைக் கிழித்து வேறு தாள் எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார்.

சேதி வெளியே போனதும் முகுந்தன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான்.

"என்ன மாமா பண்ணீங்க? அம்மா உங்ககிட்டதானே சத்தியம் வாங்கிச்சு? அவங்க தம்பிதானே நீங்க?"

"முகுந்தா, கேளுடா. ஒரு ஆளாவது..."

"அந்த ஒரு ஆளு எங்கம்மாதான் கெடச்சுதா? நாலு பேரு செத்தாங்க, நாலு பேரையும் முழுசா எரிச்சீங்க. ஊரான் வீட்டுப் பிணம்னா வாய் இனிக்குது, சொந்த அக்கான்னா சட்டம் பேசுறீங்களா?" அவன் குரல் உடைந்தது. "திங்கக்கிழம வரைக்கும் ஐஸ்ல கெடக்கணுமா மாமா எங்கம்மா? குளிர்னா அதுக்கு ஆகாதே. ஃபேன்கூடப் போடவிடாதே."

கார்த்திகேசு அவன் தோளைத் தொடப்போனார். அவன் தட்டிவிட்டான். வெளியே போய் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கார்த்திகேசு நின்ற இடத்திலேயே நின்றார். நியாயம் அவன் பக்கமும் இருந்தது, அதுதான் கொடுமை. ஓங்கி ரெண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

போகலாமா என்று கவுண்டரில் கேட்டார். சார்ஜன் தொழுகைக்குத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் போக முடியாது," என்றார். குரலில் கோபமில்லை. கையில் நாலு தாள். கம்ப்யூட்டரிலிருந்து அப்போதுதான் எடுத்தது. "இவர்களும் புகையில்தான் செத்தார்களா?"

"ஆமா, துவான்."

"எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. உட்காருங்கள். மூன்று மணிக்கு வாக்குமூலம் எடுக்க ஆள் வரும்."

உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. உஷாராணிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை, வேலை நேரம். ஸ்டேஷன் வாசல் ரோட்டில் கண்டெய்னர் லோரிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் எது பதினோராங்கட்டைக்குத் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். தார்பாய்க்கு வெளியே பிளாஸ்டிக் கிழிசல் தொங்கும்.

மூன்று மணிக்கு உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு இளம் கார்ப்பரல், கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"அங்கிள், முதலிலிருந்து சொல்லுங்கள். யார் யார், எப்போது?"

இதற்காகத்தானே இத்தனையும் என்று கார்த்திகேசு நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டிய மலாய் வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டார். முந்தைய நாலு தடவையும் ரெண்டு வார்த்தையில் முடித்த ஆட்களை இப்போது முழுசாகச் சொல்லத் தொடங்கினார்.

"சின்னையா. அறுபத்தொண்ணு. முப்பது வருஷம் முதுகுல மருந்து டாங்கி சுமந்து களைக்கு அடிச்சவரு. டாங்கி இல்லாம நடந்தா நடை கோணிக்கும். கேரம்ல அவர ஜெயிச்ச ஆளு எங்க லயத்துல கிடையாது. சின்னப் பிள்ளைங்ககூட வெளையாண்டாலும் விட்டுக்குடுக்க மாட்டாரு, மோசமான மனுசன். சாகுறதுக்கு முந்தின நாளும் ஆடினாரு. ஸ்ட்ரைக்கரைச் சுண்ட மூச்சு இல்ல, விரலால தள்ளினாரு. பிள்ளைங்க ஜெயிச்சிருச்சு. ஜெயிச்ச பிள்ளை அழுதிருச்சு."

கார்ப்பரலின் விரல் கொஞ்சம் தட்டியது, நின்றது.

"தங்கமணி. அம்பத்தேழு. கையுறை ஆலையில வேல. ரெண்டு ஆடு வளத்துச்சு. ஒண்ணுக்குப் பேரு மானேஜர், இன்னொண்ணுக்கு ஆபீஸ் கிராணி. 'மானேஜர இழுத்துட்டு வா, கிராணியக் கட்டிப் போடு'ன்னு காலங்காத்தால கத்தும், லயமே சிரிக்கும். இப்ப ரெண்டும் பூட்டின கதவுகிட்ட போய் நிக்குதுங்க." கார்த்திகேசுவின் உதட்டில் சிரிப்பு வந்தது, உடனே போனது. "இராமலிங்கம். அறுபத்திரண்டு. கோயில் மணி அடிக்கிறவரு. கடைசியில நின்னு கயிறு இழுக்க முடியல. நாங்க இழுக்குறோம்னா விடமாட்டாரு. ஸ்டூல் போட்டு உக்காந்து இழுத்தாரு."

"அப்புறம்?"

"ராதாகிருஷ்ணன். அம்பத்திநாலு. செந்தூல்ல ஒரு கொண்டோவுல ஜாகா, ராத்திரிக் காவல். விடியக்கால மோட்டார்ல வருவாரு. பாலத்துக்கிட்ட நின்னு வீட்டுக்குப் போன் போடுவாரு: இன்னிக்கு எரியுதா, எரியலியா? எரியுதுன்னு சொன்னா பாலத்துலயே உக்காந்திருப்பாரு, வேல முடிஞ்ச களைப்போட. அங்க உக்காந்தபடியேதான் ஒருநாள் செத்தாரு. நாங்க தூக்கிட்டு வந்து கட்டில்ல படுக்க வச்சு, வீட்டுல செத்தாருன்னு சொன்னோம். நான்தான் சொன்னேன்."

கார்ப்பரலின் விரல் இப்போது வேகமாகத் தட்டியது.

"எங்கக்கா பவுனம்மாள்." கார்ப்பரல் தண்ணீர் கொடுத்தான். "அதுக்கு அம்பத்தாறு. பள்ளிக்கூடக் கேன்டீன்ல சமைச்சு மகன வளத்துச்சு. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படி ஏறும், நடுவுல ஒரு எடத்துல உக்காராது. எனக்குத்தான் மூச்சு வாங்கும், என்னடா ஆம்பளன்னு கிண்டல் பண்ணும். இந்த வருஷம் கீழ நின்னு கும்புட்டுட்டு வந்திருச்சு. மேல ஏறலியான்னு கேட்டேன். முருகனுக்கு என்னைய தெரியும், கீழ இருந்தா அடையாளம் மறந்துருமான்னு கேட்டுச்சு."

அதற்குமேல் முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்நேரம் மின்சுடலையில் அவள் சாம்பலாகியிருக்க வேண்டும். அதற்குப் பதில் ஆஸ்பத்திரி வண்டி அவளைக் கொண்டுபோய்க் குளிரில் வைத்திருக்கும். மணி நாலேகால்.

கார்ப்பரல் அச்சடித்த தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். அரைப் பக்கம்தான் இருந்தது. கார்த்திகேசு கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் படித்தார்.

நாலு தேதி இருந்தது. நாலு சம்பவத்திலும் பொய்த் தகவல் கொடுத்ததாகவும், ஒன்றில் உடலை இடம் மாற்றியதாகவும், சம்பந்தப்பட்டவர் தானாகவே ஒப்புக்கொண்டதாகவும் இருந்தது. பேருந்து ஓட்டும் உரிமத்தின் எண்ணும் இருந்தது. அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

"தம்பி, அவங்க பேரெல்லாம் காணோமே? புகைன்னு நான் சொன்னது?"

"நாலு பேரையும் எரித்துவிட்டீர்கள் அங்கிள். இனி டாக்டர் பார்க்க என்ன இருக்கிறது? அந்தப் பேரெல்லாம் அவரவர் ஃபைலில் இருக்கிறது. அங்கே காரணம் மாறாது, சாக்கிட் துவாதான்." அவன் சங்கடப்பட்டான். "இது உங்களைப் பற்றிய ரிப்போர்ட்."

"ஆலை?"

"ஆலைமேல் இங்கே புகார் எதுவும் இல்லையே."

முழுத் தாளிலும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கார்த்திகேசு.

அந்த அறையில் பேனா இல்லை. கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெளியே தார்பாய்க்கு வெளியில் பிளாஸ்டிக் கிழிசல் தொங்க ஒரு லோரி பதினோராங்கட்டைப் பக்கம் திரும்புவதற்காகச் சிக்னல் விளக்கில் நின்றுகொண்டிருந்தது. கார்த்திகேசு தாளைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, சிவப்புக் கயிறு எட்டுகிற அளவுக்கு இடது பக்கம் குனிந்தார்.